குரலை வாடகைக்கு விடலாம். கிரையம் எழுதிக் கொடுக்கலாமா?

“அடடா! என்ன கணீரென்ற குரல் உனக்கு! நீ சினிமாவுக்குக் குரல் கொடுக்கலாமே!”

யாராவது உங்களிடம் இப்படிச் சொல்லி இருக்கிறார்களா? கல்யாண வீட்டில் சொல்லி இருப்பார்கள். கோவில் திருவிழாவில் மைக் பிடித்தபோது சொல்லி இருப்பார்கள். அன்று இரவு உங்களுக்குத் தூக்கம் வந்திராது. “சம்பளம் மாதக் கடைசி வரை வருவதில்லை. குரலை வைத்து நாலு காசு சம்பாதித்தால் என்ன?” என்று மனம் கணக்குப் போட்டிருக்கும்.

கணக்குப் போடுவதில் தவறு இல்லை. குரல் கொடுப்பது நல்ல தொழில். கௌரவமான தொழில். வேறு வேலையில் இருந்துகொண்டே உபதொழிலாகவும் செய்யலாம். ஆனால், இதில் இறங்குகிறவர்கள் இரண்டு இடங்களில் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, வாசற்படி. மற்றொன்று, கையெழுத்துப் போடும் இடம். அந்த இரண்டு இடங்களைப் பற்றியும் இன்று மனம் விட்டுப் பேசுவோம்.

வேலையை விட்டவர்

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நல்ல குரல். “குரல் கலைஞர் ஆகலாம்! வாய்ப்பு நிச்சயம்!” என்ற விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்தார். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொண்டு போய்க் கட்டினார். பயிற்சிக்கு நேரம் வேண்டுமே என்று வேலையையும் விட்டார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். “வாய்ப்பு வரும்போது கூப்பிடுகிறோம்” என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. ஆறு மாதம் கழித்து, முன்பு வாங்கியதை விடக் குறைந்த சம்பளத்துக்கு வேறு ஒரு கம்பெனியில் அவர் சேர்ந்தார்.

அவருடைய குரலில் குறை இல்லை. ஆசையிலும் குறை இல்லை. “குரல் நன்றாக இருந்தால் போதும்” என்று நினைத்தாரே, அங்கேதான் குறை!

குரல் அல்ல, நடிப்பு!

“நீ எப்போது வந்தாய்?”

இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சுலபமான வாக்கியம். இப்போது, வெளிநாட்டில் இருந்து சொல்லாமல் வந்து நிற்கும் மகனைப் பார்த்து ஒரு தாய் கேட்பது போலச் சொல்லுங்கள். அடுத்து, இரவு 2 மணிக்கு வீடு திரும்பிய மகனைப் பார்த்துத் தகப்பனார் கேட்பது போலச் சொல்லுங்கள். அடுத்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கடன்காரரைப் பார்த்து வீட்டுக்காரர் கேட்பது போலச் சொல்லுங்கள்.

வாக்கியம் ஒன்று. எழுத்தும் ஒன்று. ஆனால் மூன்று மனிதர்கள், மூன்று மனங்கள்! கேட்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு “இது தாய், இது தகப்பன், இது கடன்பட்டவர்” என்று சொன்னால், நீங்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கு. மூன்றும் ஒரே மாதிரி இருந்தால், எவ்வளவு இனிமையான குரலாக இருந்தாலும் இன்னும் பயிற்சி வேண்டும்.

இது நமக்குப் புதிய கலையும் அல்ல. தோல்பாவைக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். ராமனும் அவரே, ராவணனும் அவரே, சீதையும் அவரே. நம்மைச் சிரிக்க வைக்கும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவரே! கை பாவையை ஆட்டும். வாய் ஒவ்வொரு பாவைக்கும் ஒரு குரல் கொடுக்கும். டப்பிங் கலைஞர்களின் பாட்டனார் அவர்தான்.

திரைக்குப் பின்னால் இருந்தவர்கள்

தமிழில் பேசும் படம் 1931-ல் வந்தது. அப்போது நடிப்பவரே பேச வேண்டும், பாட வேண்டும். பிறகு முறை மாறியது. 1943-ல் கன்னடத்தில் வந்த ‘அரிச்சந்திரா’ படத்துக்கு ஏ.வி. மெய்யப்பன் தமிழ்க் குரல் கொடுக்க வைத்து 1944-ல் வெளியிட்டார். ஒரு மொழிப் படத்தை மற்றொரு மொழியில் பேச வைப்பதில் இந்தியாவிலேயே முதல் முயற்சி என்று அதைச் சினிமா வரலாற்றில் குறிப்பிடுவார்கள்.

அன்று முதல் இன்று வரை, நாம் முகத்தை ஒருவரிடமும் குரலை இன்னொருவரிடமும் ரசித்து வருகிறோம். 1995-ல் வந்த ‘பம்பாய்’ படத்தில் நடித்தவர் மனிஷா கொய்ராலா. பேசியவர் நடிகை ரோகிணி. சிம்ரன், ஜோதிகா ஆகியோரின் பல படங்களில் நாம் கேட்டது சவிதாவின் குரல்.

விக்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் ‘சேது’ வந்த பிறகு அவரை நாடு அறிந்தது. அதற்கு முன் அவர் என்ன செய்தார்? 1993-ல் ‘அமராவதி’யில் அஜித்துக்குக் குரல் கொடுத்தார். 1994-ல் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்குக் குரல் கொடுத்தார். எம்.எஸ். பாஸ்கரும் திரையில் முகம் தெரிவதற்கு முன் பல ஆண்டுகள் டப்பிங் அறையில் உழைத்தவர்தான்.

இவர்கள் குரலை மட்டும் வைத்து முன்னுக்கு வந்தவர்கள் அல்ல. வசனத்தை உணர்ந்து பேசத் தெரிந்தவர்கள். தமிழ்நாடு அரசு வழங்கும் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்கென்று தனி விருதே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

உதடு ஒட்டுமா, ஒட்டாதா?

டப்பிங் அறையில் நடப்பது என்ன?

அறைக்குள் ஒரு மைக். எதிரே ஒரு திரை. காதில் ஹெட்போன். படப்பிடிப்பில் பதிவான பேச்சு காதில் ஓடும். திரையில் நடிகரின் வாய் அசையும். அந்த அசைவுக்குள் உங்கள் வசனம் தொடங்கி, அந்த அசைவுக்குள் முடிய வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் தவறு, பிந்தினாலும் தவறு.

அந்தக் காலத்தில் படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் வளையமாக ஒட்டித் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஒரே மைக்கைச் சுற்றிப் பல கலைஞர்கள் நின்று பேசுவார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி பேச வேண்டும்! இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தனியாகப் பேசுகிறார்கள். வரி வரியாகத் திருத்துகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம் மாறவில்லை. அது உதடு!

ப, ம இரண்டையும் சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டும். வ சொல்லும்போது மேல் பல் கீழ் உதட்டைத் தொடும். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உதடே ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்து நம் புலவர்கள் நிரோட்டகம் என்ற செய்யுள் பாடினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாச சுவாமிகள் திருச்செந்தூர் முருகன் மீது ஓர் அந்தாதியையே அப்படிப் பாடினார்.

அந்தப் புலமை இன்று டப்பிங் அறையில் சோறு போடுகிறது! இந்தி நடிகர் திரையில் “நஹீ” என்கிறார். உதடு ஒட்டவில்லை. அங்கே “இல்லை” என்று சொன்னால் பொருந்தும். “மாட்டேன்” என்றால் பொருந்தாது. ‘மா’வுக்கு உதடு ஒட்டியாக வேண்டும். வசனம் எழுதுகிறவரும் பேசுகிறவரும் இதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். 2013-ல் தொடங்கி விஜய் டி.வி.யில் ஓடிய ‘மகாபாரதம்’ தொடரை நம் வீட்டுப் பெரியவர்கள் கண் கொட்டாமல் பார்த்தார்களே! அது இந்தியில் எடுத்த தொடர் என்ற நினைப்பே அவர்களுக்கு வரவில்லை. அதுதான் குரல் கலைஞர்களின் வெற்றி.

பள்ளிக்கூடம் உங்கள் வீடுதான்

இந்தக் கலையை எங்கே கற்பது? பணம் கட்டித்தான் கற்க வேண்டுமா?

நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்பது தவறு அல்ல. ஆனால் முதல் மூன்று மாதம் ஒரு காசு கூடச் செலவழிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்களுக்கு வேண்டியது நாலு பொருள்கள். ஒரு பத்திரிகை, ஒரு கைப்பேசி, ஒரு செம்பு தண்ணீர், கொஞ்சம் பொறுமை.

தினமும் கால் மணி நேரம் பத்திரிகையை வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படிப்பது வேறு, வாய்விட்டுப் படிப்பது வேறு. எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று வாய்க்குத் தெரிய வேண்டும். படித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். முதல் நாள் “இதுவா என் குரல்?” என்று வெட்கமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். பத்து நாளில் வெட்கம் போய்விடும். குறை தெரிய ஆரம்பிக்கும்.

எழுத்துகளைக் கவனியுங்கள். கிலி என்றால் பயம். கிளி என்றால் பறவை. கிழி என்றால் துண்டாக்கு. மூன்றையும் ஒரே மாதிரி சொன்னால் கேட்கிறவர் என்ன செய்வார்? மனம் வேறு, மணம் வேறு. அரம் வேறு, அறம் வேறு. வீட்டில் பாட்டி இருந்தால், நாக்குக் குளறும் வாக்கியங்களைக் கேட்டு வாங்கிச் சொல்லிப் பழகுங்கள். பேரனோடு போட்டி போட்டுச் சொன்னால் பயிற்சிக்குப் பயிற்சி, வேடிக்கைக்கு வேடிக்கை!

உங்கள் ஊர்ப் பேச்சை மறக்காதீர்கள். நெல்லைத் தமிழ், மதுரைத் தமிழ், கொங்குத் தமிழ் எல்லாவற்றுக்கும் இன்று திரையில் வேலை இருக்கிறது. எழுத்துத் தமிழும் வேண்டும், ஊர்த் தமிழும் வேண்டும். இரண்டும் தெரிந்தவருக்கு இரண்டு கதவு.

இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்கள் கூச்சப்பட வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் ஒவ்வோர் எழுத்தையும் மதித்துப் படிக்கிறார். வேகமாகப் படிக்கிறவர்தான் பாதி எழுத்தை விழுங்குகிறார்!

கத்திக் கத்திப் பழக வேண்டாம். தொண்டை கெடும். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். குரல் கம்மி இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், கஷாயத்தோடு நிறுத்தாமல் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் கூலி எங்கே?

“படித்துப் பழகிவிட்டேன். அப்புறம்?”

முதலில், காசு வாங்காமல் ஒரு நல்ல காரியம் செய்யுங்கள். பார்வை இழந்த மாணவர்கள் எத்தனையோ பேர் பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்ட ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். அவர்களுக்காகப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. ஒரு பாடப் புத்தகத்தை முழுவதும் வாசித்து முடித்தவருக்கு எந்தப் பயிற்சி நிலையமும் தர முடியாத பயிற்சி கிடைத்துவிடும்.

அடுத்து, வானொலி. சென்னை நிலையம் 1938-ல் தொடங்கியது. திருச்சி நிலையம் 1939-ல் தொடங்கியது. நாடகக் கலைஞர்களுக்கு வானொலி குரல் தேர்வு நடத்தித் தரம் பிரிக்கும். பகுதி நேர அறிவிப்பாளர்களையும் அவ்வப்போது எடுப்பார்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடுங்கள்.

சமுதாய வானொலிகளும் இருக்கின்றன. இந்தியாவில் அதற்கு வழி காட்டியது சென்னை அண்ணா பல்கலைக்கழகம். 2004-ல் அங்கே தொடங்கிய வானொலி சுற்று வட்டாரத்துச் சாதாரண மக்களையே மைக் முன் உட்கார வைத்தது. உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நிலையம் இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள்.

பிறகு கூலி வேலை. கடை விளம்பரம், பள்ளிப் பாட வீடியோ, டெலிபோனில் “ஒன்றை அழுத்தவும்” என்று சொல்லும் குரல், காதால் கேட்கும் கதைப் புத்தகம், குழந்தைகளின் பொம்மைப் படம் என்று எத்தனையோ இருக்கின்றன. சினிமாவிலும் தொடரிலும் புதியவர்களுக்கு முதலில் கிடைப்பது கூட்டக் குரல். சந்தையில் கத்துகிறவர், பஸ்ஸில் சண்டை போடுகிறவர், “பிடி, விடாதே!” என்று ஓடுகிறவர் எல்லாம் அந்தக் குரல்களே. அதைக் கேவலமாக நினைக்கக் கூடாது. அங்கே நின்றால்தான் மற்றவர்கள் பேசுவதைப் பார்த்துக் கற்கலாம்.

சினிமா, தொடர் வேலைகள் பெரும்பாலும் சென்னையில்தான். வடபழனி, சாலிக்கிராமம் பக்கம் ஒலிப்பதிவுக் கூடங்கள் நிறைய உண்டு. டப்பிங் கலைஞர்களுக்குச் சங்கமும் உண்டு. அது திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் இணைந்தது. பெரிய வேலைகளுக்கு உறுப்பினர் அட்டை கேட்பது வழக்கம். என்ன கட்டணம், என்ன தகுதி என்பதைச் சங்க அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். இடையில் நிற்பவரிடம் கேட்காதீர்கள்.

சென்னைக்கு வர முடியாதவர்கள் வீட்டில் இருந்தே விளம்பரம், பாடம், கதைப் புத்தகம் வாசிக்கலாம். சாதாரண மைக் ஒன்று போதும். பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. துணி நிறைந்த அலமாரி முன் உட்கார்ந்தால் எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். குக்கர் விசில் வரும் நேரத்தைத் தவிருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். வளையல், கொலுசு கூடாது. பசியோடும் உட்காராதீர்கள்; வயிறு கத்துவதை மைக் கேட்டுவிடும்!

மாதிரிப் பதிவு ஒன்று தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு விளம்பரம், ஒரு கதைப் பகுதி, ஒரு நாடகக் காட்சி. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். பாரதியின் எழுத்துகள் எப்போதோ பொதுச் சொத்தாகிவிட்டன. கல்கியின் எழுத்துகளை 1999-ல் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. இவற்றை யாருடைய அனுமதியும் இல்லாமல் வாசிக்கலாம்.

ஒரு கணக்கையும் மறக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஓடும் கதையைப் பதிவு செய்ய, புதியவருக்கு மூன்று, நாலு மணி நேரம் பிடிக்கும். கூலி பேசும்போது ஓடும் நேரத்தைப் பார்க்காதீர்கள். உழைக்கும் நேரத்தைப் பாருங்கள்.

வேலை கொடுப்பவர் பணம் கேட்க மாட்டார்

இப்போது வாசற்படிக்கு வருவோம்.

கல்வி சொல்லிக் கொடுப்பவர் கட்டணம் வாங்கலாம். சங்கம் சந்தா வாங்கலாம். ஆனால், “வாய்ப்புத் தருகிறேன், பணம் கொடு” என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் இருந்து எழுந்து வாருங்கள். வீடு கட்ட வரும் கொத்தனார் நமக்குப் பணம் கொடுத்துவிட்டா வேலை செய்கிறார்? நாம்தானே அவருக்குக் கூலி கொடுக்கிறோம்? குரல் வேலையிலும் அதே நியாயம்தான்.

பெண்கள் புதிய இடத்துக்குப் போகும்போது வீட்டில் முகவரி சொல்லிவிட்டுப் போங்கள். துணையோடு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிராக 2013-ல் வந்த சட்டம் ஸ்டூடியோக்களுக்கும் பொருந்தும்.

“என் பையன் குரல் கிளி மாதிரி இருக்கிறது” என்கிற பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 14 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 சதவிகிதமாவது குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். இவை 2017-ல் வந்த விதிகள். பள்ளிக்கூடம் முதலில், மைக் பிறகு.

இயந்திரம் பேசுகிறதே!

“இயந்திரமே பேச ஆரம்பித்துவிட்டது. இனி மனிதக் குரலுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

உண்மையை மறைக்க வேண்டாம். உணர்ச்சி தேவைப்படாத வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டு வருகிறது. டெலிபோன் அறிவிப்பு, சாதாரண விளக்க வீடியோ போன்றவை மனிதர் கையை விட்டு நழுவுகின்றன. அதனால்தான் சொல்கிறேன், இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்காதீர்கள்! மறுபுறம், கடன்காரரைப் பார்த்து “நீ எப்போது வந்தாய்?” என்று கேட்பவரின் நடுக்கத்தை, வாழ்ந்து பார்த்த மனிதர் சொல்வது போல இயந்திரம் சொல்லட்டும் பார்க்கலாம். நடிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் இடம் இருக்கிறது.

ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக் கொடுப்பது யார்? மனிதர்களின் பதிவுகள்தான். உங்கள் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும். நீங்கள் சொல்லாததையும் உங்கள் குரலில் அது சொல்லும்! இங்கேதான் இரண்டாவது வழுக்கல் வருகிறது.

கையெழுத்துக்கு முன் படியுங்கள்

2024-ல் ‘லால் சலாம்’ படத்தில் ஒரு பாட்டு வந்தது. காலமான பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை அறிவு மூலம் ஏ.ஆர். ரகுமான் பயன்படுத்தினார். இரு குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். இறந்தவர் குரலுக்கே அனுமதியும் கூலியும் உண்டு என்றால், உயிரோடு இருப்பவர் குரலை இலவசமாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

நீதிமன்றங்களும் இதைக் கவனித்திருக்கின்றன. அமிதாப் பச்சனின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் பயன்படுத்த டில்லி ஐகோர்ட்டு 2022 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கையாக உண்டாக்குவதற்கு எதிராகப் பம்பாய் ஐகோர்ட்டு 2024 ஜூலையில் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது.

அவர்கள் பெரியவர்கள். வக்கீல் வைக்க முடியும். நாம் என்ன செய்வது?

கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். என் குரலை எந்த வேலைக்குப் பயன்படுத்துவீர்கள்? எத்தனை காலம் பயன்படுத்துவீர்கள்? எங்கெங்கே ஒலிபரப்புவீர்கள்? பணம் எந்தத் தேதியில் தருவீர்கள்? என் குரலைக் கொண்டு இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுப்பீர்களா?

“எல்லா வேலைக்கும், எல்லாக் காலத்துக்கும், எந்த முறையிலும்” என்று எழுதி இருந்தால், அது கூலி ஒப்பந்தம் அல்ல, கிரையப் பத்திரம்! கடைசிக் கேள்விக்கு “உங்கள் அனுமதி இல்லாமல் செய்யமாட்டோம்” என்று எழுத்தில் வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்து வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள்” என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். நாளை உங்கள் குரலில் ஒரு மோசடி விளம்பரம் வந்தால், ஊரார் உங்களைத்தானே கேட்பார்கள்?

“இப்படிக் கேட்டால் வேலையே கொடுக்கமாட்டார்களே” என்ற பயம் வரும். ஒருவர் மட்டும் கேட்டால் கொடுக்காமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் ஒப்பந்தத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். சங்கம் வைத்திருப்பதும் இதற்காகத்தானே?

பத்திரம் பெட்டியில் இருக்கட்டும்

அந்தக் கணக்கர் இப்போது என்ன செய்கிறார் என்று சொல்லவில்லையே! வேலையில்தான் இருக்கிறார். தினமும் விடியற்காலையில் கால் மணி நேரம் வாய்விட்டுப் படிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வை இழந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு வரலாற்றுப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்கிறார். போன மாதம் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு முதல் கூலி வந்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் அந்த விளம்பரத்தை ஓர் ஆண்டு மட்டுமே பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பேசினார். வளையல் இன்னும் மீளவில்லை. “மீட்டுவிடுவேன்” என்கிறார். அவர் சொல்லும் தோரணையைக் கேட்டால் நம்பிக்கை பிறக்கிறது.

குரல் என்பது தாய் தகப்பன் நமக்குக் கட்டிக் கொடுத்த வீடு. அதைப் பெருக்கி மெழுகிச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குடித்தனக்காரர் வந்தால் வாடகைக்கு விடுங்கள். தரகருக்கு முன்பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். பத்திரம் மட்டும் எப்போதும் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

முதல் பாடத்தை இன்றைக்கே தொடங்கலாம். வீட்டில் கண் மங்கிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்தை அவருக்குக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். அவர் தூங்காமல் கேட்டால், நீங்கள் தேறிவிட்டீர்கள்!